லினக்சு கருனியில் குறுக்கீட்டுக் கையாளலின் எளிமையாக்கம்: ஒரு மதிப்பீடு

வலையட்டை, வட்டு போன்ற சாதனங்கள் நுண்செயலிக்கு அனுப்பும் அவசரச் சமிக்ஞை குறுக்கீடு எனப்படும். அது வந்ததும் நுண்செயலி நடப்பு வேலையை நிறுத்திவிட்டு, அச்சாதனத்துக்குரிய கையாளி என்ற நிரல்பகுதியை இயக்கும்.

லினக்சு கருனியில் நீண்ட காலம் இருவகைக் கையாளிகள் இருந்தன. ஒருவகை இயங்கும்போது அந்த நுண்செயலியில் பிற குறுக்கீடுகள் தடுக்கப்படும்; மற்றதில் அனுமதிக்கப்படும். தடுப்பு வேண்டுவோர் ஐஆர்கியூஎஃப்_டிசேபிள்டு என்ற குறியை இடுவர். ஆனால் இக்குறி எப்போதும் பலிக்கவில்லை. பல சாதனங்கள் ஒரே குறுக்கீட்டுத் தடத்தைப் பகிர்ந்தால், வரிசையில் முதலில் நின்ற கையாளியின் குறியே நிலையைத் தீர்மானித்தது. தடுக்காத கையாளிகளோ ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, கருனியின் சிறிய அடுக்கு நினைவகத்தை நிரப்பிவிடும் அபாயம் இருந்தது.

2010இல் வெளியான 2.6.35 பதிப்பு இந்த வேறுபாட்டை ஒழித்தது. குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லாக் கையாளிகளும் குறுக்கீடுகள் தடுக்கப்பட்ட நிலையிலேயே தொடங்கின. புதிய வசதி எதையும் சேர்க்காமல், ஒரு தெரிவை நீக்கியதால் கிடைத்த எளிமை இது. ஒரு கையாளி பூட்டை வைத்திருக்கையில் அதே நுண்செயலியில் மற்றொரு கையாளி நுழைந்து அதே பூட்டுக்காக முடங்கும் சிக்கலும் பெரிதும் குறைந்தது.

எனினும் சுமை மறையவில்லை, இடம் மாறியது. நெடுநேரம் ஓடும் கையாளி இப்போது அந்த நுண்செயலியின் மற்றக் குறுக்கீடுகளைக் காத்திருக்க வைக்கிறது. பழைய ஐடிஇ வட்டு இயக்கி தன் கையாளிக்குள் குறுக்கீடுகளைத் தானே மீண்டும் அனுமதித்துக்கொண்டது, விதி எல்லோருக்கும் பொருந்தவில்லை என்பதற்குச் சான்று. நீண்ட வேலையைத் தனி இழைக்கு மாற்றும் வசதி 2009இல், 2.6.30 பதிப்பிலேயே வந்துவிட்டது. மாற்றுவழியை முதலில் அமைத்துவிட்டுப் பழைய வழியை அடைத்த இந்த வரிசைதான் மாற்றத்தை நியாயப்படுத்துகிறது.

குறை கூற வேண்டியது பின்தொடர் பணியில். பொருளற்றுப்போன அந்தக் குறி 2015இல் 4.1 பதிப்பில்தான் முற்றாக நீக்கப்பட்டது. அதுவரை இயக்கிகளைப் படித்த புதியவர், செயலற்ற ஒரு சொல்லைப் பாதுகாப்பு என்று நம்ப வாய்ப்பிருந்தது. இயக்கம் எளிமையான பின்னரும் நிரலின் வாசிப்பு எளிமையாக ஐந்து ஆண்டுகள் ஆயின.