கண்ணாடிப் பேழைக்கு வந்த வழி
(சிங்கப்பூர் அருங்காட்சியகங்கள் – ஒரு விமரிசனப் பார்வை)

நம் சங்கத்துக் குடும்பங்களில் சிங்கப்பூர் போய் வந்தவர்கள் இன்று அநேகம். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் செந்தோசா, இரவு சஃபாரி, முஸ்தபா கடை, சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில் என்று வரிசையாக வரும். மியூசியம் போனீர்களா என்றால், "அதெல்லாம் எதுக்குங்க, காலு வலிக்கும். நம்ம ஊர்ல இல்லாத சாமானா அங்க வெச்சிருக்கப் போறாங்க?" என்பார்கள். இந்தப் பதிலில் சொல்பவரே அறியாத உண்மை ஒன்று ஒளிந்திருக்கிறது. நம் ஊர்ச் சாமான் அங்கே இருந்தது உண்மைதான். அது எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கெய்ரோ, சென்னை போன்ற ஊர்களில் மண்ணைத் தோண்டினாலே அருங்காட்சியகம் நிரம்பிவிடும். துறைமுக நகரமான சிங்கப்பூருக்கு அந்த வசதி இல்லை. 1887-ல் ஆங்கிலேயர் கட்டிய ராபிள்ஸ் நூலக அருங்காட்சியகமே இன்றைய தேசிய அருங்காட்சியகம். பிறகு எழுந்தவற்றில் உள்ள கலைப்பொருள்களில் பெரும்பகுதி விலைக்கு வாங்கியவை, நன்கொடையாக வந்தவை, இரவலாகப் பெற்றவை. சும்மா சொல்லக்கூடாது, காட்சிப்படுத்தும் நேர்த்தியில் அவர்களிடம் நாம் கற்க நிறைய இருக்கிறது. விளக்கொளி, பொருளுக்கும் பொருளுக்கும் நடுவே மூச்சுவிட இடம், உட்கார்ந்து பார்க்க பெஞ்சு எல்லாம் உண்டு. ஆனால் வாங்கிச் சேர்த்த அருங்காட்சியகத்தை அழகால் மட்டும் மதிப்பிட முடியாது. விளக்க அட்டையில் கடைசி வரி என்று ஒன்று இருக்கும்: இன்னார் அன்பளிப்பு, இன்ன ஆண்டு வாங்கியது என்று. பொடி எழுத்து. நான் முதலில் படிப்பது அதைத்தான்.

தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ள 'சிங்கப்பூர்க் கல்' இந்த மண்ணிலேயே கிடைத்தது. ஆனால் அதற்கும் ஒரு பயணக் கதை உண்டு. ஆற்றின் முகத்துவாரத்தில் சுமார் பத்தடி உயரத்துக்கு நின்ற பாறை அது. ஏறத்தாழ ஐம்பது வரி எழுத்து அதில் இருந்தது. 1843-ல் ஆங்கிலேயர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டுகளில் சில கல்கத்தாவுக்குப் போயின. இன்று சிங்கப்பூரில் இருப்பது அப்படிப் போய், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திரும்பி வந்த ஒரு துண்டு. எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. 1834-ல் பெக்பி என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, இது வழக்கொழிந்த ஒருவகைத் தமிழாக இருக்கலாம் என்று ஊகித்தார். பின்னால் வந்தவர்கள் பழைய ஜாவானியம் என்றும் சமஸ்கிருதம் என்றும் சொன்னார்கள். 2019-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இயன் சின்க்ளேர், 'கேசரிவ' என்ற எழுத்துத் தொடரை அடையாளம் கண்டதாகவும், அது சோழர் பட்டமான 'பரகேசரிவர்மன்' என்பதன் பகுதியாக இருக்கலாம் என்றும் சொன்னார். கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தைத் தாக்கிய முதலாம் ராஜேந்திரன் பூண்ட பட்டமும் பரகேசரிதான். உடனே நம்மவர்களுக்கு உடம்பு சிலிர்த்துவிடும். நாலு எழுத்தை வைத்துக்கொண்டு சோழன் கல்வெட்டு என்று மேடையில் முழங்குவது ஆராய்ச்சியாகாது. ஆனாலும் அந்தக் கல் முன் நிற்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இந்த ஊகம் ஒன்று இருக்கிறது என்று தெரிவதில் தப்பில்லை. ஊகம் என்று சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சிராங்கூன் பக்கம் கேம்பல் லேனில் 2015-ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதன் முகப்பு 'பாவ்லி' என்னும் படிக்கிணற்றை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. இரவில் உள்விளக்கு எரியும்போது பார்க்க அழகு. ஊரார் கூடும் இடம் என்ற கருத்தும் நல்லதே. ஆனால் பாவ்லி தில்லிக்கும் குஜராத்துக்கும் ராஜஸ்தானுக்கும் உரியது. சிங்கப்பூர் இந்தியரில் பெரும்பான்மையினர் தமிழர். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவனின் பேரனுக்கு ஊரார் கூடுகிற நீர்நிலை என்றால் தெப்பக்குளம் அல்லவா நினைவுக்கு வரவேண்டும்? சீக்கியர், குஜராத்தியர், மலையாளிகள் எல்லோருக்குமான நிலையம் அது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் 'இந்தியா' என்றதும் வடக்கத்தி வடிவம் முன்னால் வந்து நிற்பது, வடக்கே குடியிருக்கும் நமக்குப் பழகிய சங்கதி.

பழைய உச்சநீதிமன்றத்தையும் சிட்டி ஹாலையும் இணைத்து 2015 நவம்பரில் திறந்த தேசிய கலைக்கூடம் தென்கிழக்கு ஆசிய ஓவியங்களுக்கானது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் நிஜமாகவே கால் வலிக்கும். சுவா மியா டீ 1959-ல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' ஒன்றையாவது தவறவிடக் கூடாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து மலாய் கற்கிறார்கள். கரும்பலகையில் இரண்டே கேள்விகள்: உன் பெயர் என்ன, எங்கே வசிக்கிறாய். புது ஊரில் புது பாஷையை எழுத்துக் கூட்டிப் படித்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி ஆற்றங்கரையில் எம்பிரஸ் பிளேஸ் கட்டடத்தில் உள்ள ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம். 1998-ல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு இங்கே இருக்கிறது. சீனத்துப் பீங்கான் ஏற்றி மேற்கே போன கப்பல். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியது. மீட்டெடுத்தவை சுமார் 60,000 பொருள்கள். 2005-ல் ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம் அமெரிக்க டாலருக்குச் சிங்கப்பூர் வாங்கியது. ஆனால் இதை மேலே எடுத்தது வியாபாரக் கம்பெனி, தொல்லியலாளர் அல்லர். இந்தக் காரணத்தால் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நடத்துவதாக இருந்த கண்காட்சி 2011-ல் கைவிடப்பட்டது. பீங்கானைப் பிரித்துப் பிரித்து ஏலம் விடாமல் மொத்தமாக ஓரிடத்தில் காப்பாற்றினார்களே என்பதால் நான் சிங்கப்பூர் பக்கமே சாய்கிறேன். ஆனால் வாங்க ஆள் இருக்கிறது என்பதால்தானே அள்ளுகிறவன் கடலில் இறங்குகிறான் என்ற வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த வாதம் நம் வீட்டு வாசலுக்கே வந்தது அதே அருங்காட்சியகத்தில்தான். 2007-ல் நியூயார்க்கில் சுபாஷ் கபூர் நடத்திய கடையிலிருந்து 6,50,000 டாலருக்கு ஒரு சோழர் கால உமா பரமேஸ்வரி செப்புத் திருமேனியை அது வாங்கியது. 2011-ல் கபூர் ஜெர்மனியில் கைதானார். 2013-ல் அவருடைய கடை மேலாளர் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலில் களவுபோன உமைதான் இது என்பது வெளிப்பட்டது. கோயில் சிலைகளை முன்பே படமெடுத்து வைத்திருந்த புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படங்கள் இத்தகைய வழக்குகளில் பெரும் சாட்சி. சிங்கப்பூரில் கப்பல் தொழிலில் இருந்துகொண்டே இந்தச் சிலைகளைத் துரத்தியவர் எஸ். விஜய் குமார் என்ற தமிழர். 2015-ல் சிங்கப்பூர் உமையை இந்தியாவிடம் ஒப்படைத்தது. பணம் போனாலும் சிலையைக் கொடுத்தார்களே என்று பாராட்டலாம். ஆனால் வாங்கும்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? 1972-ன் தொல்பொருள் சட்டத்துக்குப் பிறகு இத்தகைய சிலையைத் தனியார் எவரும் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்ய முடியாது. இவ்வளவு பெரிய உற்சவ மூர்த்தி திடீரென்று சந்தைக்கு வந்தால், எந்தக் கோயில் வெறுமையாயிற்று என்று கேட்பது நிபுணர்களின் முதல் கடமை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோயிலில் உமையை நாம் முழுதாகப் பார்த்ததே இல்லை. பட்டும் மாலையும் போக முகம் மட்டும் தெரியும். இடுப்பை ஒசித்து நிற்கும் நிலை, பூவைப் பிடிப்பதற்காக மடங்கிய வலக்கை விரல்கள், பசுவின் வால்போலத் தொங்கும் இடக்கை எல்லாவற்றையும் சிற்பியின் கண்ணால் பார்க்க வைத்தது மியூசியம்தான். அபிஷேகமும் புறப்பாடும் இல்லாமல் அது பாதி உமைதான் என்பதும் உண்மை.

திருடனையும் வாங்கியவனையும் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஸ்ரீபுரந்தான் கோயில் பூஜை நின்று பூட்டிக் கிடந்தது. களவு நடந்தது 2006-ல். பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம் என்று அதிகாரிகள் கதவைத் திறந்து பார்த்தது 2008-ல். அதற்குள் உமை சிங்கப்பூர் சேகரிப்பில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது.