துயர் அணி

அணி என்னும் சொல் தமிழில் நகைக்கும் உரியது. செய்யுள் நயத்துக்கும் உரியது. பொருளைப் புலப்படுத்தாத அணி வெறும் ஒட்டு என்பதை இலக்கணம் கற்பிப்போர் அறிவர். சிங்கப்பூர்ப் பெரனாக்கன் மகளிரின் துக்க நகைகளையும் இவ்வளவுகோலால் அளக்கலாம். அவற்றைக் காண ஆர்மேனியன் வீதி அருங்காட்சியகம் உண்டு; செங்காங்கில் ரயிலேறுவோர்க்கு அது தொலைவன்று.

அம்மகளிரின் கெபாயாச் சட்டைக்குப் பொத்தான் இல்லை. தாயும் சேயும் என வழங்கும் மூன்று கெரோசாங் ஊசிகளே அதனை மார்பில் பூட்டுவன. இழவு நேர்ந்தால் பொன்னும் வைரமும் விலகும். வெள்ளியில் முத்துப் பதித்தவை வரும். முத்து கண்ணீருக்குக் குறி. ஊசியின்றிச் சட்டை நில்லாது; ஆதலின் துயரிலும் அதனைக் களைய இயலாது, மாற்றவே இயலும். இங்கே அணி பொருளோடு பிறந்தது.

இங்கிலாந்தில் 1861-இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் விக்டோரியா அரசியார் 1901-இல் தாம் மறையும்வரை துக்க உடையை விட்டாரல்லர். விட்பி ஊரின் ஜெட் என்னும் கருநகை அக்காலத்தில் பெருகியது. இன்று அச்சாயலில் நகை செய்வோர் கருமையை எடுத்துக்கொண்டு இறந்தவரை விட்டுவிட்டனர். அழகு உண்டு; எனினும் அஃது ஒட்டே.

சங்கப் பாடல்களின் கைம்பெண்ணோ அணி களைந்தவள். அதனைக் கற்பின் பெருமை என்று மட்டும் பாடஞ்சொல்லி விடுதல் போதாது. களைந்தது அவள் உள்ளமா, களையச் சொன்னது ஊரா என்னும் வினா வகுப்பில் எழவேண்டும். வெள்ளிக் கெரோசாங்குக்குத் தவணை இருந்தது. துக்கக்காலம் முடிந்ததும் பொன் திரும்பியது. நம் கைம்மைக்கு அத்தவணை வைத்தாரில்லை.