கரிக்குள் ஒரு கோடு

பலகைகளை அடுக்கிப் பசையால் ஒட்டிய ஒட்டுமர விட்டம் தீயில் வெந்தபின், அதன் வெட்டுமுகம் எனக்கு அலுக்காத காட்சி. வெளியே பாளம் பாளமாக வெடித்த கரி, அடுத்து மெல்லிய பழுப்புப் பட்டை, உள்ளே இழைத்த அன்று இருந்த அதே வெளிறிய பலகை. நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர்தான் கரி உள்ளேறும். அந்தக் கரியே மரத்துக்குப் போர்வை.

ஆனால் என் கண் தேடுவது பலகைகளுக்கு நடுவே ஓடும் செம்பழுப்புக் கோட்டை. ஃபீனால்-ரிசார்சினால் பசை. ஒருமுறை இறுகினால் மெழுகாய் இளகாது. பக்கத்து மரம் கரியாகும்போது தானும் கரியாகும், அவ்வளவுதான். பாலியூரிதேன் பசைகளில் சில அப்படியல்ல. சூட்டில் தளர்ந்துவிடும். அந்தப் பசையால் அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாய் ஒட்டிய குறுக்கடுக்குப் பலகைகளில் கரிந்த அடுக்கு பொத்தென்று உதிர, கருகாத மரம் வெளியே தெரியும். அடங்கிய நெருப்பு மறுபடி எழும்.

1906-இல் ஜெர்மனியின் ஓட்டோ ஹெட்சர் வளைந்த ஒட்டுமர விட்டத்துக்குக் காப்புரிமை பெற்ற காலத்தில் பசை என்பது பாலிலிருந்து எடுத்த கேசீன். (பால் பசையில் கூரை!) இன்று நார்வேயில் 85.4 மீட்டர் உயர மியோஸ்டோர்னெட் கோபுரம் ஒட்டுமரத் தூண்களில் நிற்கிறது. அதன் மூட்டுகளில் இரும்புத் தகடுகளை மரத்துக்குள் செருகி மறைத்திருக்கிறார்கள், இரும்பில் தீ படாமலிருக்க.