ஒலிச்சொல்லின் எல்லை: தீவுப் பெயர்களில் ஓர் உரசல்

ஒலிவிதிகள் இயங்கும் வரம்பான ஒலிச்சொல் எல்லா மொழிக்கும் பொதுவான ஓர் அடுக்கு என்பது நெஸ்பரும் வோகலும் 1986இல் நிறுவிய கொள்கை. ஷீரிங், பிக்கல், ஹில்டபிராண்ட் மூவரும் 2010இல் வெளியிட்ட கட்டுரை அதை மறுத்தது. லிம்பு மொழியில் ஒன்றோடொன்று பொருந்தாத பல எல்லைகள் கிடைக்கின்றன. வியட்நாமியத்தில் அப்படியோர் அடுக்கே தேறவில்லை. ஆகவே ஒலிச்சொல் பிறவியிலேயே அமைந்ததன்று, மொழிக்கு மொழி உருவாகி வருவது என்பது அவர்கள் முடிவு.

இதைத் தமிழில் உரசிப் பார்க்க இறுப்பிட்டி என்ற ஊர்ப் பெயர் போதும். அவ்வூர்ப் பெயரில் பகரம் இரட்டித்து நிற்கிறது. அவ்வூர் அமைந்த புங்குடுதீவின் பெயரிலோ தகரம் இரட்டிக்கவில்லை. அனலைதீவு, எழுவைதீவு, மண்டைதீவு, நயினாதீவு எதிலும் இல்லை. நெடுந்தீவில் மட்டும் மெல்லெழுத்துத் தோன்றியது. இரட்டித்தலையே அளவுகோலாகக் கொண்டால் இறுப்பிட்டி ஒரு சொல், புங்குடுதீவு இரண்டு சொல். ஊரார் எவரும் இதற்கு ஒப்பார். இரட்டித்தலோ ‘படிக்கப் போனான்’ என்று இரு சொற்களுக்கு நடுவிலும் நிகழ்வது.

வல்லெழுத்து முழங்குவதை அளவுகோலாக்கினால் கோடு வேறிடத்தில் விழும். ‘நான்தான்’ பேச்சில் ‘நாந்தான்’ ஆகி, தகரம் முழங்குகிறது. இலக்கணம் இரண்டாகப் பிரிப்பதை ஒலி ஒன்றாகக் கட்டிவிடுகிறது. குற்றியலுகரத்தின் கணக்கு இன்னும் நுட்பமானது. ‘காடு’ என்பதன் ஈற்று உகரம் குறுகும், ‘நடு’ என்பதில் குறுகாது. தனிக்குறிலா அல்லவா என்று சொல் முழுவதையும் அளந்த பிறகே அந்த விதி இயங்குகிறது. மூன்று சோதனைகள் மூன்று இடங்களில் கோடு கிழிக்கின்றன. மறுப்பு தமிழிலும் நிற்கிறது.

மறுப்போடு நின்றதே கட்டுரையின் குறை. எல்லைகள் பலவெனக் காட்டிய அளவுக்கு, அவை ஏன் விலகுகின்றன என்ற கேள்வியில் அது ஊன்றவில்லை. ‘கைகால்’, ‘கைக்குழந்தை’ இரண்டிலும் நிலைமொழி ஒன்றே, வருமொழி முதலும் ககரமே, வேறுபடுவது சொல்லுறவு. தொல்காப்பியர் அல்வழி, வேற்றுமை எனப் பிரித்து விதி வகுத்தது இதற்காகத்தான். எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களில் இறுதியானதைக் குற்றியலுகரப் புணரியலுக்கே ஒதுக்கியவர் அவர். ஆனால் அவரிடம் நிலைமொழி, வருமொழி இரண்டும் முன்பே பிரிந்து கைக்கு வந்துவிடுகின்றன. எல்லையை எப்படிக் கண்டறிவது என்று அவர் கேட்கவில்லை.

கேட்டவர்கள் டிக்சனும் ஐக்கன்வால்டும். 2002இல் அவர்கள் பதிப்பித்த தொகுப்பு இலக்கணச் சொல்லையும் ஒலிச்சொல்லையும் கறாராகப் பிரித்தது. ஜாரவாரா முதல் ஜார்ஜியன் வரை அலசிய அந்நூலில் திராவிட மொழி எதற்கும் ஓர் இயல் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுப் புணர்ச்சி இலக்கணம் உள்ள மொழியை விட்டுவிட்டுச் சொல்லின் வகைமை பேசுவதைச் சிறு விடுபாடு என்று கடந்துபோக முடியாது.

ஷீரிங் முதலிய அம்மூவர் 2009இல் தந்த மற்றொரு முடிவு, சொல்லழுத்தம் வகுக்கும் எல்லை ஏனைய விதிகளின் எல்லையைவிட விரிந்தது என்பது. தமிழில் சொல்லழுத்தம் உண்டா என்பதே இன்னும் வழக்கில் கிடக்கிறது. அது தீரும்வரை இம்முடிவைத் தமிழுக்கும் நீட்டுவது முறையாகாது.