ஒத்து வருமா?

வண்ணாரப்பேட்டையில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிளஸ் டூ மாணவி ஒருத்தி, ‘அமரன்’ பார்த்துவிட்டு வந்த மறுநாள் கேட்டாள்: “மிஸ், நேவி கமாண்டோல பொண்ணுங்களையும் எடுக்குறாங்களாமே, எனக்கு அது ஒத்து வருமா?”

2024 தீபாவளிக்கு வந்த அந்தப் படம் மேஜர் முகுந்த் வரதராஜனின் கதையை அவருடைய மனைவி இந்துவின் நினைவுகள் வழியே சொல்கிறது. ராணுவப் படத்தில் பெண்ணின் குரல் கதை சொல்வது நம்மிடம் அரிது. ஆனால் அந்தக் குரலுக்குக் கொடுத்திருக்கும் வேலை காத்திருப்பதுதான். தாய் தடுக்கிறார், மனைவி தாங்குகிறார், முடிவெடுப்பவன் ஆண். சாய் பல்லவியின் நடிப்பு அந்தக் காத்திருப்புக்கு அவ்வளவு கண்ணியம் சேர்த்துவிடுவதால், அதைக் கேள்வி கேட்கவே நமக்குத் தோன்றுவதில்லை. ‘எனக்கு இது ஒத்து வருமா?’ என்று படத்தில் எந்தப் பெண்ணும் தனக்காகக் கேட்டுக்கொள்வதில்லை. என் மாணவி கேட்டுவிட்டாள்.

1987இல் உருவான மார்கோஸ் படையில் பெண்களும் சேரலாம் என்ற செய்தி 2022 டிசம்பரில் வந்தது. அதற்கு நேரடியாக ஆள் எடுப்பதில்லை. முதலில் கடற்படையில் சேர வேண்டும், பிறகு தானாக முன்வர வேண்டும். தேர்வில் பெரும்பாலோர் கழிந்துபோவார்கள். அக்னிவீராகச் சேர்ந்தால் 4 ஆண்டுதான் பணி. அதன்பின் அதிகபட்சம் 25% பேருக்கே வேலை நீடிக்கும். அந்த 4 ஆண்டும் கல்யாணம் செய்யக் கூடாது.

கடைசி விதியைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. பத்தொன்பது வயதில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் தெருவில் அரசாங்கம் போடும் தடைகூட ஒரு பாதுகாப்பு. வீரத்தைவிட இந்தக் காரணம் எனக்கு உண்மையாகப் பட்டது. “வெளியூர்ல ஹாஸ்டலோட காலேஜ் கிடைச்சாலும் இதையே கேப்பியா?” என்றேன். யோசித்தாள்.

அடுத்தது உடல். காசிமேட்டுக் கடல் பக்கத்தில்தான். அவள் அண்ணன் பத்து வயதில் அங்கே நீந்தக் கற்றான். அவளுக்கு நீந்தத் தெரியாது, எனக்கும் தெரியாது. பெண்ணுடல் தாங்காது என்பவர்கள், அந்த உடலைத் தண்ணீரில் இறங்கவே விடாத கதையைச் சொல்வதில்லை. 2020 பிப்ரவரியில் பபிதா புனியா வழக்கில், தரைப்படைப் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி மறுக்க மத்திய அரசு அடுக்கிய உடல்திறன், தாய்மை, குடும்பக் கடமை ஆகிய காரணங்களைப் பாலின முன்முடிவுகள் என்று உச்ச நீதிமன்றம் தள்ளியது. போர்முனைப் பிரிவுகள் அந்தத் தீர்ப்பில் வரவில்லை.

ஆனால் கதவு திறந்துவிட்டதாலேயே உள்ளே இருப்பது விடுதலை ஆகிவிடாது. ‘ஒத்து வருமா’ என்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த வேலைக்கு நான் ஏற்றவளா என்பது ஒன்று. நீச்சலும் ஓட்டமும் அதற்குப் பதில் சொல்லிவிடும். அந்த வேலை எனக்கு ஏற்றதா என்பது மற்றொன்று. கட்டளை வந்தால் யார் வீட்டுக் கதவை உடைப்பேன்? ‘அமரன்’ காட்டும் காஷ்மீரின் பெண்களுக்கு இந்துவைப் போல ஒரு குரல் இல்லை. 2004 ஜூலையில், அசாம் ரைபிள்ஸ் பிடித்துச் சென்ற மனோரமா பிணமாகக் கிடைத்தபின், இம்பாலின் காங்லா கோட்டை வாசலில் 12 தாய்மார்கள் ஆடை களைந்து நின்றார்கள். அவர்கள் பேசியதும் சீருடையைப் பார்த்துத்தான். அந்தச் சீருடைக்குள் ஒரு பெண் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்பதற்கு எந்த உடல்தகுதித் தேர்விலும் மதிப்பெண் இல்லை.

அவளிடம் ஆம், இல்லை எதுவும் சொல்லவில்லை. நீச்சலை இப்போதே கற்றுக்கொள், கமாண்டோ ஆகாவிட்டாலும் அது உன்னுடையது. இரண்டாவது கேள்விக்கு மட்டும் அவசரப்படாதே என்றேன்.

“அப்ப நீங்களும் வாங்க மிஸ்” என்றாள்.