மூன்று மணி ஆட்டம்

டாம் லெனர்டின் ‘நல்ல கள்ளன்’ கவிதையை வெறும் ஜோக் என்று தள்ளிவிட்டார் நண்பர். கவிதை படிக்கத் தெரிந்தவர். அதனால்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

1969-ல் வெளிவந்த ‘ஆறு கிளாஸ்கோக் கவிதைகள்’ வரிசையில் ஒன்று இது. அகராதியில் இருக்கும் ஆங்கிலம் அல்ல. கிளாஸ்கோத் தெருவில் காதில் விழுகிற பேச்சை ஒலிக்கு ஒலி எழுத்துக்கூட்டி வைத்திருக்கிறார் லெனர்ட். பி.ஏ. ஆங்கிலம் படித்த தைரியத்தில் முதலில் கண்ணால் படித்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. மறுநாள் பாங்கில் மதிய இடைவேளையில் வாய்விட்டுப் படித்தபோதுதான் வாக்கியங்கள் தட்டுப்பட்டன. பக்கத்து சீட்டுக்காரர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கலாம்.

சிலுவையில் தொங்கும் கள்ளன் பக்கத்துச் சிலுவையில் தொங்கும் ஏசுவிடம் பேசுகிறான். அவ்வளவுதான் கவிதை. கிளாஸ்கோவில் பெயர் தெரியாத எந்த ஆணையும் ‘ஜிம்மி’ என்று கூப்பிடுவது வழக்கம், நம் ‘அண்ணே’ மாதிரி. ஏசுவும் அவனுக்கு ஜிம்மிதான். முதலில், நன்றாக இருக்கிறாயா, இன்னும் உயிரோடுதான் இருக்கிறாயா என்று விசாரிக்கிறான். பிறகு, நீ கத்தோலிக்கன்தானே, நம்மவன்தானே என்று கேட்கிறான். ஏசுவின் கண்ணிலேயே அது தெரிகிறதாம். கத்தோலிக்கனைக் குறிக்க அவன் சொல்கிற சொல் எதிர்த் தரப்பு வசைக்குப் பயன்படுத்துவது. வசையையே எடுத்துத் தங்கள் அடையாளமாகப் பூசிக்கொள்கிறார்கள். அதன் பிறகு, இன்றைக்கு மேட்ச் பார்க்க முடியாது போலிருக்கிறது, மணி மூன்றாகப் போகிறதே என்கிற கவலை. கடைசியில் இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, மைதானத்தில் விளக்கு இருப்பது நல்லதாகப் போயிற்று என்று ஆறுதல்.

மூன்று மணி, ஏசு உயிர்விட்ட நேரம். பிரிட்டனில் சனிக்கிழமைக் கால்பந்து ஆட்டம் தொடங்குகிற நேரமும் அதுதான். நண்பர் சிரித்தது இந்த இடத்தில். நானும் சிரித்தேன். சிரிப்போடு நின்றுவிட முடியுமா என்பதுதான் கேள்வி.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. கிளாஸ்கோவில் இரண்டு பெரிய கிளப்புகள். ரேஞ்சர்ஸ் 1872-ல் தொடங்கியது. புராட்டஸ்டண்டுகளின் கிளப் என்று ஆகிப்போனது. செல்டிக் 1887 நவம்பரில், கால்டன் பகுதியின் செயிண்ட் மேரி தேவாலயக் கூடத்தில் தொடங்கியது. தொடங்கியவர் வால்ஃப்ரிட் என்ற ஐரிஷ் துறவிச் சகோதரர். நோக்கம் விளையாட்டு அல்ல, சோறு. அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கத்தோலிக்கக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட டிக்கெட் வசூல் தேவைப்பட்டது. 1888 மே 28-ல் செல்டிக் ஆடிய முதல் ஆட்டமே ரேஞ்சர்ஸுடன்தான். நட்பு ஆட்டம், செல்டிக் 5-2 என்று ஜெயித்தது. அந்த நட்பு எப்போது கெட்டது என்பதற்கு ஒற்றைத் தேதி கிடையாது. குடியேற்றம், வேலைப் போட்டி, அயர்லாந்து அரசியல் எல்லாம் சேர்ந்து கெடுத்தன.

இரண்டு பக்கமும் சமம் என்று சொல்லி நல்ல பெயர் வாங்குகிற விமர்சகர்கள் உண்டு. சமம் இல்லை. கத்தோலிக்கன் என்று தெரிந்த ஆட்டக்காரனைச் சேர்ப்பதில்லை என்பது ரேஞ்சர்ஸில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி எழுதாத சட்டமாக இருந்தது. செல்டிக்கில் அப்படி இல்லை. 1967-ல் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பையை வாங்கித் தந்த மேனேஜர் ஜாக் ஸ்டீன் புராட்டஸ்டண்ட். 1989 ஜூலையில் ரேஞ்சர்ஸ் மோ ஜான்ஸ்டனைச் சேர்த்தபோது - கத்தோலிக்கன், போதாக்குறைக்குப் பழைய செல்டிக் ஆட்டக்காரன் - ரேஞ்சர்ஸ் ரசிகர்களில் சிலர் ஸ்கார்ஃபைக் கொளுத்தினார்கள். அதே நவம்பரில் அவன் செல்டிக்குக்கு எதிராகக் கடைசி நிமிஷங்களில் கோல் போட்டு ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தான். ஸ்கார்ஃபைக் கொளுத்தியவன் அந்த நிமிஷம் எழுந்து கத்தினானா, உட்கார்ந்தே இருந்தானா? இதை எழுத ஒரு நாவலாசிரியன் வேண்டும். கிளாஸ்கோவின் புராட்டஸ்டண்ட் பிள்ளைப்பருவத்தைப் பற்றி ஆலன் ஸ்பென்ஸின் 1977 கதைத் தொகுதி இருக்கிறது, நல்ல தொகுதி. ஆனால் இந்த நிமிஷம் அதற்குப் பன்னிரண்டு வருஷம் பிந்தியது.

பாங்குக்காரன் கண்ணில் படாமல் போகாத ஒரு விஷயம். இந்த ஜோடிக்கு ஊரில் வழங்கும் பெயர் ‘ஓல்ட் ஃபர்ம்’, பழைய வியாபாரக் கூட்டு என்று பொருள்படும். 1984-ல் ஒரு ஜன்னல் கண்ணாடிக் கம்பெனி தன் பெயரை இரண்டு அணிகளின் சட்டையிலும் ஒரே நேரத்தில் போட்டது. ஒரு சட்டையில் மட்டும் போட்டால் பாதி ஊர் ஜன்னல் வாங்காது. பின்னால் பீர்க் கம்பெனிகளும் இதையே செய்தன. ஜென்மப் பகை என்று மார்தட்டுகிறவர்கள் நெஞ்சில் ஒரே விளம்பரம்!

நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். மதவெறியும் கால்பந்து வெறியும் ஒருவனை எவ்வளவு சிறுத்துப்போகச் செய்கின்றன என்று காட்டும் நையாண்டி இது, அதற்கு மேல் ஆழம் இல்லை என்கிறார். சாகும் நேரத்திலும் இவனுக்கு மேட்ச்தான்.

அவன் கேள்விகளின் வரிசையை நண்பர் கவனிக்கவில்லை. கள்ளன் முதலில் கேட்பது நலம். அணி அதற்குப் பிறகுதான் வருகிறது. சுவிசேஷக் கள்ளன் தனக்காக ஒன்று வேண்டிக்கொள்கிறான்: உம் ராஜ்ஜியத்துக்கு வரும்போது என்னை நினைத்துக்கொள்ளும். லெனர்டின் கள்ளன் எதையும் கேட்டு வாங்குவதில்லை. பக்கத்தில் ஒருவன் சாகிறான். அவனுக்குத் துணையாக நாலு வார்த்தை பேச வேண்டும். ஜெபம் இவனுக்கு வராது, தத்துவமும் வராது. சனிக்கிழமைதோறும் ஆயிரக்கணக்கானவர்களோடு நெருக்கியடித்து நின்றபோது கற்றுக்கொண்ட ஒரே உறவுமுறை, ‘நம்மவன்’. கையில் இருப்பதைக் கொடுக்கிறான். இது சின்ன மனசு என்றால் நம்மில் எத்தனை பேரிடம் இதைவிடப் பெரிது இருக்கிறது?

2012-ல் ரேஞ்சர்ஸ் கடனில் மூழ்கி, கம்பெனி கலைக்கப்பட்டு, அணி நான்காம் பிரிவில் முதலிலிருந்து ஆட வேண்டியதாயிற்று. எதிரே பேர் தெரியாத சின்ன ஊர் டீம்கள். அந்த ஆகஸ்டில் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 49,000 பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஜெயிப்பதில் பெருமை இல்லை, தோற்றால் அவமானம். எதற்கு வந்தார்கள்? வராமல் இருக்க முடியாததால். நண்பர் வெறி என்று சொல்வதும் விசுவாசம் என்று நான் சொல்வதும் ஒரே ஆளிடம் ஒரே ஸ்கார்ஃபின் கீழ்தான் இருக்கின்றன.

ஆனால் கவிதை நண்பருக்குப் பதில் சொல்கிற அளவுக்கு எனக்கும் சாதகமாக இல்லை. நம்மவன்தானே என்று கேட்ட கேள்விக்கு ஏசு பதில் சொல்வதில்லை. கவிதை முழுக்க ஒரே குரல். இல்லை என்று சொல்லியிருந்தால்? நான் நசரேயன், யூதன் என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் கள்ளன் தொடர்ந்து பேசியிருப்பானா, முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பானா? கவிதை இதைத் திறந்தே விட்டுவிடுகிறது. இன்னொன்று: கொல்கொதாவில் சிலுவைகள் மூன்று. மூன்றாமவனைப் பற்றி இவன் மூச்சே விடுவதில்லை. அவனும் அதே வெயிலில்தான் தொங்குகிறான். அவன் யார் என்று நண்பரைக் கேட்டேன். “ரேஞ்சர்ஸ்காரனாக இருப்பான்” என்றார் உடனே.

1971 ஜனவரி 2-ல், இந்தக் கவிதை வந்து இரண்டு வருஷத்துக்குள், ஐப்ராக்ஸில் இதே இரண்டு அணிகளின் ஆட்டம் முடிந்து இறங்கும்போது பதின்மூன்றாம் படிக்கட்டில் நெரிசலில் 66 பேர் இறந்துபோனார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நிதி திரட்ட, அந்த மாதக் கடைசியில் இரண்டு கிளப் ஆட்டக்காரர்களும் ஒரே அணியாகச் சேர்ந்து ஸ்காட்லாந்து அணியோடு ஆடினார்கள். அடுத்த பருவத்தில் பாட்டுகளும் வசைகளும் பழையபடி.

இதையெல்லாம் நான் உயரத்தில் உட்கார்ந்து சொல்லவில்லை. சென்ற வருஷம் ஒரு கவிதைத் தொகுதி மதிப்புரைக்கு வந்தது. நாலைந்து நல்ல கவிதைகள், அதில் ஒன்று மிக நல்ல கவிதை. தொகுதியைக் கொண்டுவந்தவர்கள் எங்களோடு பேச்சு நின்றுபோனவர்கள். புத்தகத்தைப் பிரிக்கும் முன்னே பின்னட்டையில் வெளியீட்டாளர் பெயரைப் பார்த்துவிட்டேன். முக்கால் பக்கம் எழுதினேன். அந்த நாலைந்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, அச்சுப் பிழைகளைப் பக்க எண்ணோடு பட்டியல் போட்டிருந்தேன். நம் ஆட்கள் இரண்டு பேர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். இந்தக் கவிதையை ஜோக் என்றவரும் அதில் ஒருவர்.