பாட்டு தெரியும், பார்ட்டு யார்?

'வள்ளி திருமணம்' கதை ஊருக்கே மனப்பாடம். வேடன் எங்கே வருவான், யானை எப்போது வரும், எந்த இடத்தில் எந்தப் பாட்டு என்று சிறுவர்களும் சொல்லிவிடுவார்கள். இருந்தும் திருவிழா நோட்டீஸ் கைக்கு வந்ததும் நாடகப் பிரியர்களின் கண் நேராக நடிகர்களின் புகைப்பட வரிசைக்குத்தான் போகிறது. கதாநாயகனான ராஜபார்ட் யார், கதாநாயகியான ஸ்திரீபார்ட் யார், பபூன் யார்? படத்துக்குக் கீழே பெயரும் ஊரும். ஆர்மோனியம் யார் என்பதைத் தனியாக விசாரிப்பவர்களும் உண்டு. இந்த ராஜபார்ட்டுக்கு அந்த ஸ்திரீபார்ட் ஈடுகொடுப்பாரா என்ற பேச்சு திருவிழாவுக்கு வெகுநாள் முன்பே டீக்கடையில் தொடங்கிவிடும்.

தெரிந்த பாட்டுகளை வைத்து நாடகம் கட்டுவதை மேல்நாட்டில் 'ஜூக்பாக்ஸ் மியூசிக்கல்' என்கிறார்கள். அதில் பேர்போனது 'மம்மா மியா'. அபா குழுவின் பழைய பாட்டுகளைக் கோத்து 1999இல் லண்டனில் தொடங்கிய அந்த நாடகம், 2001இல் நியூயார்க்கின் பிராட்வேக்குப் போய் 2015 வரை 5,758 காட்சிகள் ஓடியது. இப்படி ஒன்று லண்டனில் வெற்றி பெற்றால் போதும். பிராட்வேக்குப் போகுமா, போனால் இதே நடிகர்கள்தானா என்று ரசிகர்கள் தவிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தத் தவிப்பு தமிழ் நாடக ரசிகருக்குப் புதிதல்ல. பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி மலையிலும் தமிழ் பேசும் மக்கள் அதைத் தலைமுறைகளாக அறிவார்கள்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்களே ஸ்பெஷல் நாடக மேடையின் அடித்தளம். இங்கே நிரந்தரக் குழு கிடையாது. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். ஒத்திகையும் இல்லை. வள்ளியும் முருகனும் மேடையேறும் இரவில்தான் முதன்முதலாக முகம் பார்த்துக்கொள்ள நேரலாம். ராஜபார்ட் திரைக்குப் பின்னாலிருந்தே பாடத் தொடங்குவார். ஆள் தெரிவதற்கு முன் குரல் வந்துவிடும். ஆர்மோனியக்காரர் அவருடைய சுருதிக் கட்டையைப் பிடித்துக்கொண்டதும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். பிறகு தர்க்கம். வேடனும் வள்ளியும் பாட்டாலும் வசனத்தாலும் ஒருவரையொருவர் மடக்குவது இருவரின் சரக்கையும் பொறுத்து நீளும். பாட்டு பொதுச்சொத்து, அன்றைய இரவு அந்த இருவருடையது.

ஜோடிப் பொருத்தத்தின் உச்சம் கே.பி.சுந்தராம்பாளும் எஸ்.ஜி.கிட்டப்பாவும். கிட்டப்பாவின் ஊரான செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தனித்தனியே புகழ்பெற்றிருந்த இருவரும் 1920களின் நடுவில் இலங்கையில் மேடையில் ஜோடி சேர்ந்தார்கள். கடல் கடந்த மேடையில் அமைந்த பொருத்தத்தைத் தாய்நாட்டு ரசிகர்கள் பின்னர் கொண்டாடினார்கள். 1927இல் திருமணம். 1933இல், 27 வயதில், கிட்டப்பா இறந்துபோனார். சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைக்கு மாறினார். எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். 1935இல் ஒரு லட்ச ரூபாய் சம்பளம் பெற்று அவர் நடித்த படம் 'நந்தனார்'. ஏற்ற வேடமும் நந்தனாரே. ஜோடி இல்லாத அந்தப் பாத்திரம் அவருடைய உறுதிக்குப் பொருந்தியது.

சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் நடிகர் தேர்வைக் குரல்வளை தீர்மானித்தது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் நேற்றைய கதாநாயகன் இன்று கூட்டத்தில் ஒருவன். பாலக்காட்டு வடவன்னூரில் வேர்கொண்ட குடும்பத்துப் பிள்ளை எம்.ஜி.ராமச்சந்திரன், வறுமையால் தம் அண்ணன் சக்கரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து வளர்ந்தவர். வடவன்னூர் வீடு இப்போது நினைவில்லம்.

பாலக்காட்டுக்கென்றே சொந்தமான வடிவங்களும் உண்டு. பொறாட்டு நாடகத்தில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்கும். குறவன் குறத்தி, மண்ணான் மண்ணாத்தி எனப் பாத்திரங்கள் ஜோடி ஜோடியாக வர, கேள்விகேட்கும் ஒருவர் அவர்களைக் குடைந்தெடுப்பார். பெண் வேடமும் ஆண்களுக்கே.

தோல்பாவைக்கூத்து இன்னொரு உலகம். பத்திரகாளி கோயில் கூத்துமாடத்தில், திரைக்குப் பின்னால் 21 தேங்காய்மூடி விளக்குகளை வரிசையாக ஏற்றி, புலவர்கள் கம்பராமாயணப் பாடல்களைச் சொல்லி விரித்துரைப்பார்கள். தாரகன் என்னும் அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம ராவண யுத்தத்தைக் காணமுடியாமல்போன காளிக்காக நடப்பது என்பது ஐதீகம். அதனால் எதிரே ஆளே இல்லாமலும் கூத்து நடக்கும். இங்கும் பாடல் கம்பனுடையது. விளக்கம் அந்தந்தப் புலவருடையது. கூனத்தறை கே.கே.ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் மகள் ரஜிதா பெண்கள் மட்டுமே கொண்ட பாவைக்கூத்துக் குழுவை அமைத்திருக்கிறார். ஆண்களே அமர்ந்திருந்த திரைக்குப் பின்னால் இப்போது பெண்குரல். இந்தத் துறையில் அண்மையில் நடந்த மிகப் பெரிய நடிகர் மாற்றம் இதுதான்.

இடுக்கிப் பக்கம், தெரிந்த பாட்டை வைத்துக் கூட்டத்தைப் பிடிக்கும் கலை அரசியல் மேடைக்கும் ஏறியது. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காகப் பிரசாரம் செய்யப் பண்ணைப்புரத்திலிருந்து மலையேறினார் பாவலர் வரதராசன், இளையராஜாவின் அண்ணன். மக்கள் வாயில் ஏற்கெனவே புழங்கிய மெட்டுகளில் கட்சிக் கருத்தை ஏற்றிப் பாடுவது அவர் பாணி. தேயிலைத் தோட்டத் தமிழர்களுக்கு மெட்டு பழையது, சொல் புதியது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் வென்றார்.

ஊர்விட்டு ஊர் போனால் நாடகம் என்ன ஆகும் என்பதற்கு ஏ.ஆர்.ரஹ்மானின் 'பாம்பே ட்ரீம்ஸ்' நல்ல பாடம். 'ஷக்கலக்க பேபி', 'சைய்ய சைய்ய' போன்ற பழைய திரைப்பாட்டுகளையும் சேர்த்துக்கொண்டு 2002இல் லண்டனில் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஓடியது. 2004 ஏப்ரலில் பிராட்வேக்குப் போனபோது கதையைத் திருத்தினார்கள். நாயகன் ரஸா ஜாஃப்ரியின் இடத்துக்கு மனு நாராயண் வந்தார், ப்ரியா காளிதாஸின் இடத்துக்கு அனிஷா நாகராஜன். ஆயிஷா தார்கர் மட்டும் லண்டனிலிருந்து கூடவே வந்தார். 284 காட்சிகளோடு, 2005 புத்தாண்டு நாளில் அங்கே திரை விழுந்தது. லண்டன் ரசிகர்களில் அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த இந்தியக் குடும்பங்கள் ஏராளம். பிராட்வேயின் பெரும்பகுதிக் கூட்டத்துக்கு அவை புதுப்பாட்டுகள். ஜூக்பாக்ஸ் நாடகத்தின் பலமே முன்பழக்கம் என்னும்போது இது சின்ன வித்தியாசம் இல்லை.

அத்தகைய முன்பழக்கம் உள்ள பாட்டுகளுக்கு நம்மிடமும் ஒருவர் உண்டு: பாலக்காடு எலப்புள்ளியில் 1928 ஜூன் 24 அன்று பிறந்த இசையமைப்பாளர் எம்.எஸ்.விஸ்வநாதன். 2028 அவருடைய நூற்றாண்டு. தமிழும் மலையாளமும் அறிந்த இந்த எல்லையில் அவர் பாட்டுகளை அறிமுகம் செய்துவைக்க வேண்டிய அவசியமே இல்லை. அவற்றை வைத்து ஒரு மேடை நாடகம் எழுதினால் கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் தொடங்கி, கோவை, மதுரை, கொழும்பு, சிங்கப்பூர் என்று போகலாம். பதிவுசெய்த இசையை ஓடவிட்டு வாயசைப்பது மட்டும் கூடாது. நேரடி வாத்தியக்குழு வேண்டும், பாட்டுரிமையை முறைப்படி வாங்க வேண்டும், டி.எம்.எஸ்.ஸையும் சுசீலாவையும் நகல் எடுக்காமல் சொந்தக் குரலில் பாடும் நடிகர்கள் வேண்டும். ராஜபார்ட்டாக யாரை அமர்த்துவது, ஆர்மோனியத்தில் யாரை உட்காரவைப்பது என்று இப்போதே சண்டை போடலாம்; நோட்டீஸ் அடிக்கும் வரை அவகாசம் இருக்கிறது.